புலப்படாத வன்தட்டு

சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணியில், புதிதாகப் பொருத்திய கணினி வன்தட்டை அறியாதுவிடின், அதனை அட்டனுக்குச் சுமந்து செல்லுமுன் நாம் ஆராயத்தக்கன சில உள.

மின்சாரத்தை நிறுத்திய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். சாட்டா வன்தட்டுக்கு இணைப்புகள் இரண்டு: 7 முனைகளுடைய தரவிணைப்பு, 15 முனைகளுடைய மின்னிணைப்பு. ஒன்றைச் செருகி மற்றதை மறத்தல் எளிது. சில தாய்ப்பலகைகளில் எம்.2 வாயிலை நிரப்பின் சாட்டா வாயில் ஒன்றிரண்டு செயலிழக்கும்; அப்போது வேறு வாயிலிற் செருகல் வேண்டும்.

பயாஸிலே தட்டின் பெயர் தோன்றியும் விண்டோஸ் காட்டவில்லையெனின், பெரும்பாலும் இணைப்பிற் குற்றமில்லை. புதுத் தட்டாயின் டிஸ்க் மனேஜ்மென்ற் பகுதியில் தொடக்கி வடிவமைத்தல் போதும். பழைய கணினியிலிருந்து கழற்றிய தட்டோவெனில், "தொடக்கலாமா?" என்னும் வினாவுக்கு ஒருபோதும் இசையலாகாது. மாணவர் பதிவுகளும் படங்களும் அதில் இருக்கக்கூடும். பிறிதொரு கணினியிற் செருகிப் பார்த்து, முதலில் அவற்றைப் பிரதிசெய்து கொள்வோமாக.