கமராவின் கண்ணைக் காத்தல்

மனிதனின் கண்ணுக்கு இமை உண்டு. இமையின் உள்ளே கண்ணீரும் உண்டு. தூசு விழுந்த கணத்திலேயே இமை மூடுகிறது. கண்ணீர் சுரந்து அத்தூசைக் கழுவி ஒதுக்குகிறது. கண்ணிலே தூசு விழுந்தால் உலர்ந்த துணியைக் கொண்டு எவரும் அதைத் தேய்ப்பதில்லை. கமராவின் கண்ணாகிய வில்லைக்கோ இமையும் இல்லை, கண்ணீரும் இல்லை. அவ்விரண்டின் தொழிலையும் கமராவை வைத்திருப்பவரே செய்தாக வேண்டும். அதை அறியாத அன்பினால் கெட்ட வில்லைகள், அலட்சியத்தால் கெட்டவற்றைக் காட்டிலும் குறைந்தவை அல்ல.

மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோருக்கு இவ்விடயம் சிறப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத்தின் வடபகுதியிலே தம்புள்ளையும் சீகிரியாவும் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. கோடை மாதங்களில் அங்கே வீசும் காற்று செம்மண் தூளை அள்ளி வருகிறது. கிழக்கிலும் தெற்கிலும் இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைகளில் மூடுபனியும் ஈரமும் தங்குகின்றன. வில்லைக்குத் தூசு ஒரு பகை, ஈரம் மற்றொரு பகை. இவ்விரு பகைகளும் ஒரே மாவட்டத்தில், ஒரு நாட்பயணத்துக்குள் எதிர்ப்படுகின்றன. மூன்றாவது பகை மனிதனின் விரல். அது எங்கும் உள்ளது.

விரல் பட்ட இடத்தில் எஞ்சுவது வெறும் நீர் அன்று. வியர்வையில் நீருடன் உப்பும் சில அமிலங்களும் கலந்துள்ளன. முகத்தையும் தலைமயிரையும் தொட்ட விரலில் எண்ணெய்ப் பசையும் சேர்கிறது. நீர் சிறிது நேரத்தில் ஆவியாகிவிடும். உப்பும் எண்ணெயும் கண்ணாடியின்மேல் தங்கிவிடும். அந்தப் படலத்தில் பட்ட ஒளி நேராகச் செல்லாது நாற்புறமும் சிதறும். சிதறிய ஒளி படத்தின் கரிய பகுதிகளிலும் விழுவதால், கறுப்பு சாம்பலாகிறது. படம் முழுவதும் பால் கலந்தாற்போல் மங்குகிறது. மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவில் ஐந்து தேர்களின் பவனியை விளக்கொளியில் படமெடுப்போர் இதனைத் தெளிவாகக் காணலாம். பகலில் எளிதில் புலப்படாத ஒரு விரலடையாளம், இரவிலே ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒளிவட்டத்தை எழுப்பி, அம்பாளின் அலங்காரத்தையே மறைத்துவிடும்.

ஆனால் ஓர் உண்மையை இங்கே மறந்துவிடக் கூடாது. முன்வில்லையில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு தூசுத் துகள்கள் படத்தில் தெரிவதே இல்லை. அவை வில்லைக்கு மிக அண்மையில் இருப்பதால் அவற்றின் உருவம் தெளிவாகக் குவிவதில்லை. ஆகவே தூசு ஒன்றைக் கண்டவுடன் துணியை எடுப்பது அவசரம். வில்லையைப் பொறுத்தவரை, குறைவாகத் துடைப்பவரே நன்றாகப் பேணுபவர்.

ஏன் இத்தனை எச்சரிக்கை என்று நேயர்கள் கேட்கலாம். அதன் விடை கண்ணாடியின் மேலுள்ள ஒரு பூச்சில் இருக்கிறது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ 4 சதவீத ஒளி தெறித்துத் திரும்பிவிடுகிறது. கமரா வில்லை என்பது பெரும்பாலும் தனிக் கண்ணாடி அன்று. பல கண்ணாடிகளின் கூட்டம். தனித்தனியே நிற்கும் நான்கு கண்ணாடிகள் இருப்பின் எட்டுப் பரப்புகள். அவற்றைக் கடந்து செல்வதற்குள் கால்பங்குக்கும் மேலான ஒளி இழக்கப்படும். அவ்வாறு தெறித்த ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தையும் மங்கச் செய்யும்.

இதற்கான பரிகாரம் விந்தையான முறையில் புலப்பட்டது. இங்கிலாந்தில் டெனிஸ் டெய்லர் என்னும் வில்லை வல்லுநர், காலப்போக்கில் நிறம் மாறி மங்கிய பழைய வில்லைகள், புத்தம் புதியவற்றைவிட அதிக ஒளியை விடுவதை 1890களில் கண்டார். அழுக்கென்று தோன்றிய படலமே உதவி புரிந்தது! பின்னர் 1935ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் மெல்லிய பூச்சைப் படிய வைக்கும் முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். மகனீசியம் புளோரைட்டு என்னும் பொருள் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. அப்பூச்சின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பிலே பல நூறில் ஒரு பங்கு. இக்காலத்து வில்லைகளில் இத்தகைய பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படிந்துள்ளன. வில்லையைச் சாய்த்துப் பார்க்கும்போது ஊதாவும் பச்சையுமாகத் தோன்றும் சாயல் அதுவே. அச்சாயலைக் கறையென எண்ணித் தேய்த்துப் போக்க முயல்வது, சுவரோவியத்தைச் சுவரின் அழுக்கென்று சுரண்டுவதை ஒக்கும்.

தூசைத் துணியால் தேய்ப்பதில் என்ன கேடு? சாதாரண மண்ணில் மலிந்து கிடக்கும் பளிங்குமணல், வில்லைக்குரிய கண்ணாடியைவிடக் கடினமானது. அம்மணலின் ஒரு துகள் துணிக்கும் வில்லைக்கும் இடையே அகப்பட்டால், துடைக்கும் கை அறியாமலே கீறல் கோடுகளை வரைந்துவிடும். சட்டையின் நுனி, சீலை முந்தானை, வேட்டித் தலைப்பு, சட்டைப்பையில் கிடந்த கைக்குட்டை ஆகிய யாவும் நாள் முழுவதும் தூசைச் சேர்த்து வைத்திருப்பவை. விபூதி, சாம்பல், பற்பசை ஆகியவை பித்தளைக்கும் வெள்ளிக்கும் ஏற்றவை. வில்லைக்கு அவை நஞ்சு. கீறிய வில்லையை மீண்டும் முன்னிருந்தபடி ஆக்குவது எளிதன்று.

இனி, துப்புரவு செய்யும் முறையை வரிசையாகக் காண்போம். இந்த வரிசையை மாற்றலாகாது.

முதலாவது, பார்த்தல். கமராவை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்திலோ டோர்ச் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சியோ வில்லையைப் பார்க்க வேண்டும். இருப்பது தூசா, விரலடையாளமா, நீர் காய்ந்த தடமா என்று அறிந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஊதுதல். வாயால் ஊதுவது கூடாது. உமிழ்நீர்த் துளிகள் தெறித்துப் புதிய கறையாகிவிடும். கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றும் றப்பர்க் குமிழ் கமராக் கடைகளில் கிடைக்கும். வில்லையின் முகத்தைச் சற்றே கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினால், எழும்பிய தூசு மீண்டும் அதன்மேல் விழாது நிலத்தை நோக்கிச் செல்லும். அமுக்கி அடைத்த காற்றுக் குப்பிகளையும் தவிர்ப்பது நன்று. அவற்றிலிருந்து சில வேளை குளிர்ந்த திரவம் பீறிட்டு வில்லையிற் படும். பெரும்பாலான நாட்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

மூன்றாவது, தூரிகை. ஊதியும் போகாத தூசை மென்மயிர்த் தூரிகையின் நுனியால் அழுத்தாமல் தட்டிவிடலாம். அத்தூரிகையை வில்லைக்கென்றே ஒதுக்கி, மூடி வைத்திருக்க வேண்டும். மென்மையைச் சோதிப்பதற்காக அதன் மயிரை விரலால் வருடிப் பார்ப்பவர், விரலின் எண்ணெயைத் தாமே தூரிகைக்கு ஊட்டுகிறார்.

நான்காவதாகவே துடைத்தல். விரலடையாளம் எஞ்சியிருந்தால் மாத்திரம் இதற்குச் செல்ல வேண்டும். தூய மைக்ரோபைபர் துணி அல்லது வில்லை துடைப்பதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய தாள் வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைக்கும் தாள் முரடானது, ஆகாது. வில்லைக்குரிய துப்புரவுத் திரவத்தில் ஒன்றிரண்டு துளிகளைத் தாளின் மேல் விட வேண்டும்; வில்லையின் மேல் ஒருபோதும் விடலாகாது. வில்லையின் மேல் விட்ட திரவம் விளிம்பு வழியே உள்ளே கசிந்து, உட்கண்ணாடிகளைச் சேர்ந்துவிடும். பின்னர், நடுவில் தொடங்கி, சுருள் வடிவாகச் சுற்றிச் சுற்றி விளிம்பை நோக்கி மெல்லத் துடைக்க வேண்டும். அவ்வாறு துடைத்தால் அழுக்கு ஓரத்துக்குத் தள்ளப்படும். ஒரு முறை துடைத்த தாளின் அதே பக்கத்தால் மறுமுறை துடைப்பது, எடுத்த அழுக்கை மீண்டும் பூசுவதாகும். எண்ணெய் முதல் முறையிலேயே முற்றாகப் போகாது. புதிய தாளுடன் இரண்டு மூன்று முறை பொறுமையாகச் செய்தலே முறை. அழுத்தம் அழுக்கைப் போக்குவதில்லை. திரவம் எண்ணெயைக் கரைக்கிறது, தாள் அதை ஏந்திக்கொள்கிறது.

அவசர வேளையில் வில்லையின் மேல் மூச்சின் ஆவியை மெல்லப் படரவிட்டுத் துடைக்கும் வழக்கம் உண்டு. உமிழ்நீர் தெறிக்குமாதலால் அதை நாள்தோறும் கைக்கொள்ளலாகாது. மண்ணெண்ணெய், நகப்பூச்சு நீக்கும் திரவம், சவர்க்கார நுரை ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். துடைக்கும் துணியை மென்மையான சவர்க்காரத்தால் அலசி, நிழலில் உலர்த்தி, மூடிய பையில் வைக்கலாம். வில்லையின் பின்பக்கத்துக் கண்ணாடியில் மேலும் கவனம் வேண்டும். அதிலுள்ள கறை, முன்கண்ணாடியிலுள்ளதைவிடப் படத்தை அதிகம் கெடுக்கும்.

இன்று பெரும்பாலானோரின் கமரா கைத்தொலைபேசியிலேயே அடங்கியுள்ளது. அதன் சிறு வில்லை சட்டைப்பையிலும் கையிலும் ஓயாது உராய்ந்து எண்ணெய் பூசிக்கொள்கிறது. படம் மங்குகிறதென்று தொலைபேசியைக் குறை கூறுவோர், முதலில் மென்துணியால் அந்தக் கண்ணைத் துடைத்துப் பார்க்கட்டும். அதற்கும் முன்னே தூசை ஊதி அகற்ற வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்தும்.

மலைப்பகுதியில் வாழ்வோருக்கு ஈரத்தால் வரும் பூஞ்சணமே பெருந்துன்பம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால், வில்லையின் உட்புறத்தில் சிலந்தி வலை போன்ற இழைகள் படரக்கூடும். அவை வெளியிடும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். விரலடையாளத்தின் எண்ணெய் அதற்கு உணவாகவும் அமையும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கமராவைத் தோற்பையில் இட்டு அலுமாரியில் பூட்டி வைத்தல், பூஞ்சணத்துக்குப் பாத்தி கட்டுவது போன்றது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் மணிகளுடன் வைப்பதே தக்கது. ஈரம் உறிஞ்சி நிறம் மாறிய மணிகளைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசியில் புதைத்து வைப்போரும் உளர். அரிசியின் மாவுத்தூள் புதிய அழுக்காகும். பூஞ்சணம் உள்ளே புகுந்துவிட்டால் தாமே கழற்ற முயலாது, தேர்ந்த தொழிலாளரிடம் கொடுத்தல் வேண்டும். றிவர்ஸ்டன் மலையின் குளிரிலிருந்து இறங்கி மாத்தளையின் வெப்பத்துக்கு வருவோர், கமராவை உடனே பையிலிருந்து எடுத்தால் வில்லையில் பனிபோல் நீர் படியும். பையை மூடியபடியே சிறிது நேரம் விட்டுவைத்தால் அத்தொல்லை இல்லை.

அழுக்கைப் போக்குவதில் பொறுமையே தலையாய கருவி என்பதற்கு மாத்தளை மாவட்டமே சான்று தருகிறது. 1870களின் தொடக்கத்தில் ஜோசப் லோட்டன் என்னும் படப்பிடிப்பாளர், ஈரமான மருந்து பூசிய கண்ணாடித் தகடுகளைக் கொண்டு அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களுடன் சீகிரியாவையும் படமெடுத்தார். அந்தத் தகட்டில் படிந்த ஒரு விரலடையாளம் ஒரு முழுநாளின் உழைப்பையும் வீணாக்கிவிடும். அதே சீகிரியாவில் 1967ஆம் ஆண்டு தீயோர் சிலர் சுவரோவியங்களின் மேல் பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தனர். வர்ணத்தைப் பூசுவதற்குச் சிறிது நேரமே சென்றிருக்கும். அதைப் போக்கும் பணியில் இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியும் ஈடுபட நேர்ந்தது. மேலே படிந்ததை நீக்க வேண்டும், கீழே உள்ளதைத் தொடக்கூடாது: ஓவியத்தைத் துப்புரவு செய்பவருக்கும் வில்லையைத் துடைப்பவருக்கும் விதி ஒன்றே.

ஒரு சிறு கண்ணாடித் துண்டுக்கு இவ்வளவு பேச்சு ஏன் என்று எவரும் எண்ணலாகாது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் மலையகத்துக் குடும்பங்கள் பல இரண்டாகப் பிரிந்தன. ஒரு பகுதியினர் தலைமன்னார் வழியாக இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினர். மறுபகுதியினர் தோட்டங்களிலேயே நின்றனர். பிரிந்தோரில் பலர் மீண்டும் ஒருவரையொருவர் காணவில்லை. அத்தகைய வீடுகளில் சுவரிலோ பெட்டியடியிலோ இருக்கும் ஒரு பழைய படமே பேரப்பிள்ளைகள் அறிந்த பாட்டியின் முகம். அந்த முகம் தெளிவாக இருப்பதற்கும் மங்கிப் போவதற்கும் இடையே, அன்று வில்லையில் படிந்திருந்த விரலடையாளம் ஒன்றே போதுமான காரணமாகலாம்.

வில்லையின் மூடியைப் பயன்படுத்துக, விரலை விலக்குக, முதலில் ஊதுக, கடைசியிலேயே துடைக்குக. தூசு சற்றுக் காத்திருக்கும். படமெடுக்க வேண்டிய கணமோ காத்திராது. தேவையற்ற வேளையில் துடைக்காத பொறுமையும், தேவையான வேளையில் முறையோடு துடைக்கும் பழக்கமும் இருப்பின், தந்தை வாங்கிய கமரா மகளின் கையிலும் தெளிவான படத்தைத் தரும்.