கியர் நாப்புக்கு 5,000 ரூபாய் தகுமா?

சிவகாசியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் பித்தளையைத் தொடாத நாள் கிடையாது. பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் இரும்புக் கருவி போகக் கூடாது. இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும். பொறி பறந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் ஆலைக்காரர்கள் பித்தளையிலும் மரத்திலும் கருவி கேட்பார்கள். கடைந்து கொடுப்பது என் தொழில்.

கொஞ்ச காலமாக அதே பித்தளை ராடைக் காட்டி, “அண்ணாச்சி, இதுல ஒரு கியர் நாப் கடைஞ்சு தருவீங்களா?” என்று கேட்டு வருகிற தம்பிகள் கூடியிருக்கிறார்கள். சிலர் போனில் படம் காட்டுவார்கள். இத்தாலிக் கம்பெனி, ஜப்பான் கம்பெனி. விலை 4,000, 6,000, அதற்கும் மேலே. சிலர் வாங்கியே விட்டு, வண்டியில் மரை சேரவில்லை என்று டப்பாவோடு எடுத்து வருவார்கள். எல்லாருக்கும் உள்ள கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு காசு கொடுக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நாப் போட்டால் கைக்கு வித்தியாசம் தெரியும், அது பொய்யில்லை. அந்த வித்தியாசம் எடையிலும் வடிவத்திலும் இருக்கிறது. மேலே பொறித்த பெயருக்கு அதில் பங்கில்லை. நம் மாவட்டத்து ரோட்டில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அந்த 5,000 ரூபாய் போய்ச் சேர வேண்டிய இடமும் வேறு.

எடை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கியர் மாற்றும்போது, வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துவது சின்க்ரோ வளையம். பல வண்டிகளில் அதுவும் பித்தளைதான். அந்த வளையம் கூம்பு வடிவப் பரப்பில் உரசி வேகத்தைச் சமப்படுத்த ஒரு கணம் பிடிக்கும். கையில் லேசான தடங்கல் தெரிவது அப்போதுதான். நாப் இலேசாக இருந்தால் அந்தத் தடங்கல் அப்படியே விரலுக்கு வரும். நாப் கனமாக இருந்தால், கனமான உலக்கை தன் பாரத்திலேயே இறங்குவதைப் போல, தள்ளிய வேகம் விட்டுப்போகாமல் தொடரும். கியர் ஒரே ஓட்டமாக விழும்.

எந்த உலோகம் என்பதைப் பொறுத்து எடை எவ்வளவு மாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு உருண்டை கடைவதாக வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் அது ஏறக்குறைய 550 கிராம் வரும். இரும்பில் 510, டைட்டானியத்தில் 295, அலுமினியத்தில் 175, டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் 90 கிராம். நடுவில் துளை போடுவதால் எல்லாவற்றிலும் கொஞ்சம் குறையும். ஆக, படத்தில் பளபளவென்று மின்னும் விலை உயர்ந்த அலுமினிய நாப்பைவிட, என் பட்டறையில் மிஞ்சிய பித்தளைத் துண்டு மூன்று மடங்கு கனம். கனத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்த விலை எதற்கு?

கார் செய்கிறவர்களே இதை யோசித்திருக்கிறார்கள். ஹோண்டா கம்பெனி 2020-ஆம் ஆண்டு சிவிக் டைப் ஆர் காரில் கியர் நாப்பின் வடிவத்தை மாற்றி, உள்ளே 90 கிராம் எடைக்கட்டி ஒன்றை வைத்தது. கியர் விழுவது இன்னும் சீராகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தது. வெறும் 90 கிராம்! நேர் எதிராக, 1969-இல் வந்த போர்ஷே 917 பந்தயக் காரில் கியர் நாப்பை பால்சா மரத்தில் செய்தார்கள். உலகத்தின் மிக இலேசான மரங்களில் ஒன்று அது. பந்தயத்தில் ஒவ்வொரு கிராமையும் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கார் 1970-இல் பிரான்ஸில் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. பின்னாளில் போர்ஷே கரேரா ஜிடி காருக்கும் அந்த நினைவாக மர நாப் வைத்தார்கள். கனமும் ஜெயித்திருக்கிறது, இலேசும் ஜெயித்திருக்கிறது. எந்த வண்டி, எதற்காக ஓட்டுகிறோம் என்பதுதான் முடிவு செய்யும்.

அரைக் கிலோ பித்தளை உருண்டை கேட்கிறவர்களிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய வண்டியில் கியர்பாக்ஸ் உள்ளே தேய்மானம் இருந்தால், மேடு பள்ளத்தில் கியர் ராடின் நுனியில் அவ்வளவு பாரம் ஆடும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர வாய்ப்பு உண்டு. ராஜபாளையம், தென்காசி தாண்டி செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலைப்பாதையில் லோடோடு இறங்குகிறவருக்கு அது விளையாட்டான காரியம் இல்லை. 200 முதல் 300 கிராம் போதும்.

உயரமும் கணக்கில் வரும். கியர் ராடு அடியிலிருந்து நுனி வரை 300 மில்லிமீட்டர் என்று வையுங்கள். இன்னும் 20 மில்லிமீட்டர் கூடுதல் உயரமான நாப் போட்டால் தள்ள வேண்டிய பலம் 6 சதவீதம் போலக் குறையும். கை நகர வேண்டிய தூரம் அதே அளவுக்குக் கூடும். குட்டையாகப் போட்டால் தூரம் குறைந்து பலம் கூடும்.

இனி வெயில். இதைப் பற்றி விற்கிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் அக்னி நட்சத்திரத்தின்போது, நிழல் என்று பார்த்தால் சீமைக் கருவேல மரம்தான் உண்டு. அதன் அடியிலும் பாதி வெயில். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெயில் படும் பொருளின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். பிளாஸ்டிக் நாப்பும் அலுமினிய நாப்பும் ஒரே சூட்டில் இருந்தாலும், அலுமினியம் சூட்டைக் கடத்தும் திறன் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு. சில நொடி பிடித்தால் உள்ளங்கை கன்றும். மதியம் இரண்டு மணிக்குத் துண்டைச் சுற்றிப் பிடித்துக் கியர் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிர் நாட்டில் செய்து, குளிர் நாட்டில் படம் எடுத்த பொருள் நம் ஊர் மே மாதத்தைத் தாங்காது. உலோகக் கனம் வேண்டுமென்றால் உள்ளே பித்தளை, வெளியே தோல் உறை அல்லது டெல்ரின் என்று செய்துகொள்வதே நம் மண்ணுக்குச் சரி.

பொருத்தம்தான் அடுத்த தலைவலி. சில கார்களில் ராடின் நுனியில் மரை இருக்கும். சிலவற்றில் நாப்பை அழுத்திச் செருகியிருப்பார்கள். மரையிலும் 10 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் என்று விட்டம் வேறு, ஒண்ணேகால் பிட்ச், ஒன்றரைப் பிட்ச் என்று இடைவெளி வேறு. ஹூண்டாய் கார்கள் பலவற்றில் ரிவர்ஸ் போட நாப்புக்குக் கீழே ஒரு வளையத்தைத் தூக்க வேண்டும். நாப்பை மாற்றினால் அந்த வளையம் நிற்க இடமில்லாமல் போகும். ரிவர்ஸ் விழாது, அல்லது விழக் கூடாத நேரத்தில் விழும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் நாப்புக்குள்ளேயே பட்டன் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதி விற்கும் நாப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் குழல், பக்கவாட்டில் மூன்று சின்ன ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூக்கள் ராடைக் கடித்துப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். நான்கு வழிச் சாலையில் அதிர்ந்து அதிர்ந்து அவை தளரும். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு இழுக்கும்போது நாப் கையோடு வந்துவிட்டது என்று எத்தனையோ பேர் வந்து நின்றிருக்கிறார்கள். மலிவான குரோம் பூச்சு கொஞ்ச நாளில் உரிந்து விளிம்பு கத்தியாக நிற்கும். இதைக் காட்டிலும் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் நாப் ஆயிரம் பங்கு நல்லது.

இப்போது காசு போக வேண்டிய இடத்துக்கு வருகிறேன். “கியர் ஒழுங்கா விழல அண்ணாச்சி, நாப் மாத்தினா சரியாகுமா?” என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைப் பட்டறை வாசலிலேயே ஒரு சோதனை செய்யச் சொல்வேன். இஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு இஞ்சினை ஓட விட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து, மறுபடி போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் காற்றுப் புகுந்திருக்கலாம், கிளட்ச் தட்டே போயிருக்கலாம். இதை எந்த நாப்பும் சரி செய்யாது.

அடுத்து, கியரில் போட்டு நிறுத்திய வண்டியில் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. முன்சக்கர இழுவைக் கார்கள் பலவற்றில் ராடிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு கேபிள் போகும். அவற்றின் முனைகளில் உள்ள ரப்பர், பிளாஸ்டிக் புஷ்கள் சூட்டிலும் புழுதியிலும் வெடித்துப்போகும். எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாத குழப்பம் வருவது பெரும்பாலும் இதனால்தான். பல வண்டிகளுக்குப் புதுப் புஷ் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மாற்றிய அன்றைக்கே வண்டி புதிதாக வாங்கியது மாதிரி ஆகும். கியர் ஆயில் மாற்றியது எப்போது என்று கேட்டால் நினைவில்லை என்பார்கள். கையேட்டில் சொன்ன கிரேடில் அதையும் மாற்றிவிட்டு வாருங்கள் என்று அனுப்புவேன். அப்படிப் போனவர்களில் பலர் நாப் கேட்டுத் திரும்பி வரவேயில்லை. எனக்கு வேலை போனாலும் அதில் மகிழ்ச்சிதான்.

இதையெல்லாம் சொல்வதால் நாப்பை அலட்சியம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சிவகாசியிலிருந்து பட்டாசும் காலண்டரும் ஏற்றிக்கொண்டு வட மாநிலங்களுக்குப் போகிற லாரி டிரைவர்களின் கேபினைப் பாருங்கள். கண்ணாடி போன்ற உருண்டைக்குள் ரோஜாப்பூ பதித்த நாப், ராடு முழுக்கப் பின்னிய கலர் வயர். நாள் முழுக்க, வாரக்கணக்கில், அந்த ராடைப் பிடித்திருக்கிற கை அவர்களுடையது. அந்தக் கைக்கு ஒரு அழகான பொருள் வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவது நியாயம். நான் அதை மதிக்கிறேன்.

விரல் மூட்டு வலி வந்த வயதான மினி லாரி டிரைவர் ஒருவர் எங்கள் பக்கம் உண்டு. குட்டியூண்டு கம்பெனி நாப்பை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, “உள்ளங்கையால தள்ளுற மாதிரி ஒண்ணு பண்ணிக் கொடு தம்பி” என்றார். பூவரச மரத்தில் 60 மில்லிமீட்டர் உருண்டை கடைந்து, நடுவில் பித்தளைப் புஷ் இறக்கி, அதில் அவர் வண்டிக்கு ஏற்ற மரை வெட்டிக் கொடுத்தேன். மரம் வெயிலில் சுடாது, வியர்வையில் வழுக்காது. விரலை மடக்காமலே கியர் மாற்றுகிறார். இது தகுமா என்று அவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. அதற்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

ஆலை வேன் ஓட்டுகிற ஒரு தம்பி வேறொன்று கேட்டார்: “மெட்டல் நாப் போட்டா ஸ்டாட்டிக் பொறி வருமா அண்ணாச்சி?” வறண்ட காற்று வீசும் ஊர் இது. ஆலைக்குள் நுழையும்போது செம்பு, பித்தளைத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறிய மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போகும் வழக்கம் உள்ள இடத்தில் இது நல்ல கேள்வி. சீட்டில் துணி உரசும்போது உடம்பில் மின்னூட்டம் ஏறுகிறது; நாப் தானாக அதை உண்டாக்குவதில்லை. இருந்தாலும் நான் அவருக்குச் செய்து தரவில்லை. வெடிபொருள் ஏற்றும் வேன் உரிமத்தோடு ஓடுகிறது. புகைக்குழாயில் தீப்பொறி தடுப்பானிலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அதற்கு அனுமதி தருகிறார்கள். அந்த வண்டியில் சோதனை செய்தவர்களைக் கேட்காமல் ஒரு போல்ட்டைக்கூட மாற்றக் கூடாது.

சொந்தக் கார்க்காரர்களுக்கு என் தீர்ப்பு இது. கிளட்ச் சரி, புஷ் சரி, ஆயில் புதுசு, டயரில் பள்ளம் மிச்சமிருக்கிறது, அதற்கு மேலும் கையில் காசு இருக்கிறது, உங்கள் காருக்கென்றே செய்த மரையோடு தோல் உறை போட்ட நாப் கிடைக்கிறது என்றால் வாங்குங்கள், வருஷக்கணக்கில் உழைக்கும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் 5,000 ரூபாய் நாப் வேண்டாம். கனம்தான் ஆசை என்றால் பக்கத்து லேத் பட்டறையில் அதன் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடித்துவிடலாம். எதை வாங்குவதானாலும் ஆர்டர் போடும் முன் வண்டியை ஒரு லேத்காரரிடம் கொண்டுபோய், ராடின் மரையை அளந்து ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.