வானம் தேர்ந்தெடுத்த வண்ணங்கள்!
ஒரு கம்பளிப் போர்வை சொன்ன சேதி

குழந்தைக்கு ஒரு போர்வை பின்ன வேண்டும். வரி வரியாகப் பல நிறங்கள் வர வேண்டும். எந்த நிறத்துக்கு அடுத்து எந்த நிறம்?

கொக்கி ஊசியைக் கையில் எடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது. கடையில் நூல் உருண்டைகள் நூறு நிறங்களில் சிரிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றோடு ஒன்று சண்டை போடும்!

இதற்குச் சுலபமான வழி, இயற்கையைப் பார்ப்பதுதான். கடற்கரையை எண்ணிப் பாருங்கள். மணல் நிறம், நுரை வெள்ளை, கடல் நீலம், மேகச் சாம்பல். நான்கும் எப்படி ஒத்துப்போகின்றன! அதே நான்கு நூல்களை வாங்கினால் போர்வையும் அழகாக இருக்கும்.

ஆனால், நிறங்களை மட்டும் அல்லாமல், அவற்றின் வரிசையையும் இயற்கையே சொன்னால்?

அப்படியும் ஒரு போர்வை உண்டு.

பேராசிரியை பின்னிய போர்வை

இங்கிலாந்து நாட்டில் ரெடிங் என்று ஓர் ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் எல்லி ஹைவுட் என்ற பெண்மணி வானிலை விஞ்ஞானப் பேராசிரியையாக இருந்தார். ஓய்வு நேரத்தில் கொக்கி ஊசியால் பின்னுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

2017-ம் ஆண்டில் அவர் குழந்தைக்குப் போர்த்தும் அளவில் ஒரு போர்வை பின்னி முடித்தார். ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு கோடு. 1916-ம் ஆண்டில் தொடங்கி 2016-ம் ஆண்டில் முடித்தார்.

எந்த ஆண்டுக்கு எந்த நிறம் என்பதை அவர் மனம் போனபடி வைக்கவில்லை. அந்த ஆண்டில் உலகத்தின் சராசரி வெப்பம் வழக்கத்தை விட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் பார்த்தார். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு நிறம். மொத்தம் 15 நிறங்கள்.

ஊசியும் நூலும் மட்டுமே அவருடையவை. வரிசை, வானம் கொடுத்தது!

ஆரம்ப வரிகளில் நிறங்கள் ஏறின, இறங்கின. போகப் போக, குளிர்ந்த ஆண்டுகளின் நிறங்கள் மறைந்தே போயின. கடைசி வரிகள் முழுவதும் வெப்பத்தின் நிறங்கள்தான். பூமி சூடாகி வருவதைப் படிக்கத் தெரியாதவர்கள் கூடப் பார்த்ததும் புரிந்து கொள்ளலாம்.

உலகம் சுற்றிய கோடுகள்

அதே பல்கலைக்கழகத்தில் எட் ஹாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி இருக்கிறார். அந்தப் போர்வை அவருக்கு ஒரு யோசனையைத் தந்தது. 2018-ம் ஆண்டில் அவர் ஒரு படம் வெளியிட்டார். படத்தில் எழுத்து இல்லை. எண் இல்லை. வெறும் கோடுகள்! குளிர்ந்த ஆண்டுக்கு நீலம். வெப்பமான ஆண்டுக்குச் சிவப்பு.

அந்தக் கோடுகள் இன்று உலகம் முழுவதும் தெரியும். கட்டிடச் சுவர்களில் தீட்டினார்கள். கழுத்துப் பட்டைகளில் நெய்தார்கள். 2022-ம் ஆண்டில் ரெடிங் கால்பந்துக் குழுவினரின் சட்டைக் கைகளிலும் அவை ஏறிவிட்டன!

நம் வீட்டிலும் பின்னலாம்

இத்தகைய போர்வையை யாரும் பின்னலாம். நாளுக்கு ஒரு வரி பின்னுவோர் பலர் உண்டு. ஆனால் ஒரு வரி அரை அங்குலம் என்றாலும் 365 வரிகள் 15 அடிக்கு மேல் போகும். அது போர்வை அல்ல, புடவை!

வாரத்துக்கு இரண்டு வரி போதும். 52 வாரங்களுக்கு 104 வரிகள். நீளம் நாலே கால் அடிக்குச் சற்று அதிகம். ஞாயிறுதோறும் அன்றைய அதிகபட்ச வெப்பத்தைப் பத்திரிகையில் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக் கொள்ளுங்கள். குறிப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம்.

சென்னை போன்ற ஊருக்கு நிறங்கள் இப்படி இருக்கலாம்:

28 டிகிரிக்குக் கீழே: மழை மேகச் சாம்பல்
28 முதல் 30 வரை: கடல் நீலம்
31 முதல் 33 வரை: தளிர்ப் பச்சை
34 முதல் 36 வரை: கொன்றைப்பூ மஞ்சள்
37 முதல் 39 வரை: செம்மண் நிறம்
40-ம் அதற்கு மேலும்: செம்பருத்திச் சிவப்பு

நம் ஊருக்குக் கம்பளியை விடப் பருத்தி நூலே ஏற்றது.

வாங்கும்போது கவனியுங்கள்

ஒவ்வொரு நிறத்திலும் சிறிது நூலை ஓர் அட்டையில் சுற்றுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இரண்டு நிறங்கள் ஒன்று போலத் தெரிகின்றனவா? அப்படியானால் ஒன்றை மாற்றுங்கள்.

ஒரே நிறம் என்றாலும், ஒவ்வொரு முறை சாயம் தோய்க்கும்போதும் சற்று மாறும். ஆகவே நூல் உருண்டையின் மேலுள்ள தாளில் ஒரே சாய எண் இருக்கிறதா என்று பார்த்து, தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுவது நல்லது. நான்கு ஓரங்களுக்கும் ஒரே நிறத்தில் கரை வைத்தால் எல்லா நிறங்களும் ஒரு குடும்பமாகிவிடும்.

ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது. சிவப்பு பிடிக்கவில்லை என்று அந்த வாரத்துக்கு நீலம் போடக் கூடாது. நிறத்தை மாற்றினால் வெயில் குறைந்துவிடுமா?

அடுத்த வரி என்ன நிறம்?

எல்லி ஹைவுட்டின் போர்வை 2016-ம் ஆண்டோடு நின்றது. அதற்குப் பிறகு 2023-ம் ஆண்டு அதைத் தாண்டியது. 2024-ம் ஆண்டு அதையும் தாண்டியது. கணக்கு எடுக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவரை கண்டிராத வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. 2016-க்குப் போட்ட நிறம் 2024-க்குப் போதாது. இன்னும் சூடான ஒரு புது நிறம் தேட வேண்டும்!

நிலக்கரியையும் பெட்ரோலையும் மனிதர்கள் எரிப்பதுதான் இதற்கு முக்கிய காரணம். எனவே இனி வரும் வரிகள் மனிதர் கையிலும் இருக்கின்றன.

போர்வைக்குள் ஒரு குழந்தை தூங்குகிறது. பின்னி முடித்த வரிகள் தாத்தாவும் பாட்டியும் வாழ்ந்த ஆண்டுகள். பின்னாத வரிகள் அந்தக் குழந்தை வாழப் போகும் ஆண்டுகள்.

அவற்றில் கொஞ்சம் நீலமும் இருக்கட்டும்!