தீர்ப்புக்கு முதல் நாள் பறந்தவர்

ஊழல் வழக்கில் ஆளைத் தூக்குவது என்றால் நமக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வரும். இந்தோனேசியாவில் அரசு வழக்கறிஞர்களே தூக்குகிறார்கள். அவர்களிடம் ஓர் உளவுப் பிரிவும் உண்டு. தலைமறைவானவர்களைப் பிடிக்கும் அதன் குழுவுக்கு ‘தாபுர்’ என்று பெயர்.

எங்கோ ஒரு மாகாணத்தில் வாடகை வீட்டில் பதுங்கியிருப்பவரை மோப்பம் பிடித்து, பக்கத்து வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்காரவைத்து, தண்டனையை நிறைவேற்ற வேண்டிய ஊருக்கு விமானம் ஏற்றுகிறார்கள். உடனே செய்திக்குறிப்பு வரும்: பிடிபட்டவர் ஒத்துழைத்தார், எல்லாம் சுமுகமாக முடிந்தது. விசாரணைக் காவலில் போகிறவர் என்றால் ரோஸ் நிற மேலங்கி மாட்டி கேமராக்களைக் கடந்து நடக்கவிடுவார்கள். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

உளவுப் பிரிவின் கையை 2021-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வலுப்படுத்தியது. 2025 ஜூனில் நான்கு தொலைத்தொடர்பு நிறுவனங்களுடன் தகவல் பெறுவதற்கான ஒப்பந்தமும் ஆயிற்று. அந்தரங்கம் என்னாவது என்று உரிமை அமைப்புகள் கேட்கின்றன, கேட்க வேண்டியதுதான். ஆனால் இந்தப் பிரிவு இல்லாவிட்டால் பல தீர்ப்புகள் காகிதத்திலேயே தூங்கும்.

சரி, பிடிக்கிறார்கள். ஓடவிட்டது யார்?

ஒரு வங்கி ஊழல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஜூன் 11 அன்று ஒருவருக்கு இரண்டாண்டுச் சிறை விதித்தது. ஆள் அதற்கு முதல் நாளே ஜகார்த்தாவின் ஹாலிம் விமான நிலையத்திலிருந்து தனி விமானத்தில் பப்புவா நியூ கினிக்குப் பறந்துவிட்டார். பதினோரு ஆண்டுகள் கையில் சிக்கவில்லை. 2020 ஜூனில் சத்தமில்லாமல் ஜகார்த்தாவுக்கு வந்தார். வட்டார அலுவலகத்தில் புது அடையாள அட்டை எடுத்தார், நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு போட்டார், வந்த சுவடு தெரியாமல் வெளியேறினார். ஜூலை 30 அன்று மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது போலீஸ். இந்த விவகாரத்தில் பிறகு தண்டனை பெற்றவர்களில் ஓர் அரசு வழக்கறிஞரும் இரண்டு போலீஸ் ஜெனரல்களும் அடக்கம்.

வேலியே பயிரை மேய்ந்தால் உளவு எதற்கு? நாட்டைவிட்டு வெளியேறத் தடை கேட்டுக் குடிவரவுத் துறைக்கு எழுதுவதும் இந்த உளவுப் பிரிவின் பொறுப்புதான். தடைக் கடிதம் போகும் முன்பே சேதி உரியவரின் காதுக்குப் போய்விடுகிறது என்றால், ஓட்டை கட்டடத்துக்கு உள்ளேயே இருக்கிறது. பிடித்தவர்களின் கணக்கை ஆண்டுதோறும் பெருமையாக வெளியிடுகிறார்கள். தப்பவிட்டவர்களின் கணக்கையும் எந்த மேஜையில் சேதி கசிந்தது என்பதையும் அதே பக்கத்தில் அச்சடிக்கட்டும்.