தட்டியாச்சு, படம் எங்கே? போட்டோ பூத்தில் அட்டைக் கருவியை இணைப்பது எப்படி?

சனிக்கிழமை மாலை. கடைத்தொகுதியில் இருக்கும் போட்டோ பூத் ஒன்றில் நான்கு நண்பர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் வங்கி அட்டையைக் கருவிமேல் வைக்கிறார். 'பீப்' சத்தம் கேட்கிறது. ஆனால் திரையில் "அட்டையைத் தட்டவும்" என்ற வரி மாறவே இல்லை.

"போகலடா, இன்னொரு தடவை தட்டு!"

தட்டலாமா, வேண்டாமா? போகப்போவது 10 வெள்ளியா 20 வெள்ளியா என்பது, அந்த பூத்தை அமைத்தவர் கட்டணக் கருவியையும் படம் எடுக்கும் மென்பொருளையும் எப்படி இணைத்தார் என்பதைப் பொறுத்தது.

நீங்கள் வாரயிறுதியில் படம் எடுத்துக்கொள்பவராக இருக்கலாம். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பூத் தொடங்கும் எண்ணமும் இருக்கலாம். இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இதோ.

'பீப்' கேட்டா பணம் போயாச்சா?

இல்லை. அது அட்டையைக் கருவி படித்துவிட்டது என்பதற்கான சத்தம்தான்.

1925-இல் அனடோல் ஜோசெஃபோ நியூயார்க்கின் பிராட்வேயில் தானியங்கி போட்டோ பூத்தைத் திறந்தபோது விஷயம் சுலபமாக இருந்தது. 25 சென்ட் போட்டால் 8 படங்கள். நாணயம் பெட்டியில் விழுந்துவிட்டால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அட்டை அப்படியல்ல. கருவி ஒரு கேள்வியை அனுப்புகிறது. அது கட்டணச் சேவை நிறுவனத்துக்குப் போய், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கட்டமைப்பு வழியாக உங்கள் வங்கியை அடைகிறது. "இவர் கணக்கில் 10 வெள்ளி எடுக்கலாமா?" வங்கியின் பதில் அதே வழியில் திரும்பி வரணும். பெரும்பாலும் சில விநாடிகளில் வந்துவிடும்.

பதில் இரண்டு வகை என்று நினைப்போம்: சரி, இல்லை. உண்மையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: "தெரியல".

வங்கி சரி சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பதில் பூத்துக்கு வருவதற்குள் இணையம் துண்டிக்கப்பட்டிருக்கும். மோசமாக அமைக்கப்பட்ட பூத் இதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் தட்டச் சொல்லும். முதலில் பார்த்த நண்பர்களுக்கும் அப்படி நடந்திருக்கலாம்.

இணைப்பதற்கு மூன்று வழிகள்

*1. தனித்தனியாக வைப்பது.* ஊழியர் ஒருவர் கருவியில் பணம் வாங்குவார்; பிறகு பூத்தில் 'தொடங்கு' பொத்தானை அழுத்துவார். கருவிக்கும் மென்பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தீபாவளிச் சந்தை, பள்ளிக் கேளிக்கை விழா போன்றவற்றுக்கு இதுவே போதும். சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்.

*2. துடிப்பு முறை.* பானம் விற்கும் இயந்திரங்களில் இருக்கும் அட்டைக் கருவிகள் பல இப்படித்தான் வேலை செய்கின்றன. பணம் கிடைத்ததும் கருவி கம்பி வழியாகச் சின்ன மின்துடிப்பு ஒன்றை அனுப்பும். ஒரு துடிப்புக்கு 1 வெள்ளி என்று வைத்தால் 10 துடிப்புக்குப் படம் எடுக்கத் தொடங்கும். பூத் மென்பொருளைப் பொறுத்தவரை நாணயம் விழுந்ததுபோலத்தான். மலிவான வழி, பழைய மென்பொருளோடும் சேரும். ஆனால் இது ஒருவழிப் பாதை. படம் வரவில்லை என்றால் கருவிக்கு அதைச் சொல்ல வழி இல்லை.

*3. இருவழி இணைப்பு.* "10 வெள்ளி வாங்கு" என்று மென்பொருளே கருவிக்குச் சொல்லும். கருவி பதில் சொல்லும். பதில் வரவில்லை என்றால் "அந்தக் கட்டணம் என்ன ஆச்சு?" என்று மென்பொருள் திரும்பக் கேட்கவும் முடியும். ஆள் இல்லாமல் இயங்கும் பூத்துக்கு இதுதான் பொருத்தம்.

வாங்குவதற்குமுன் என்ன பார்க்கணும்?

முதலில் கருவியை வாங்கிவிட்டு, பிறகு மென்பொருளைத் தேடுவதுதான் பலர் செய்யும் தவறு. தலைகீழாகச் செய்யுங்கள். உங்கள் மென்பொருள் எந்தெந்தக் கருவிகளோடு பேசும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள்.

அடுத்து, அந்தக் கட்டணச் சேவை சிங்கப்பூரில் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ பூத் மென்பொருள்கள் பல வெளிநாட்டுச் சந்தையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பிரபலமான ஸ்குவேர், அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் சேவை வழங்குகிறது. சிங்கப்பூரில் இல்லை. ஸ்ட்ரைப்பின் கட்டணக் கருவிச் சேவை இங்கே இருக்கிறது. வெளிநாட்டில் வாங்கிய கருவியை இங்கே கொண்டுவந்தால் வேலை செய்யும் என்றும் நம்ப முடியாது. கருவிகள் பெரும்பாலும் நாட்டுக்கு ஏற்றபடி பூட்டப்பட்டிருக்கும்.

மூன்றாவதாக, ஆள் இல்லாத இடத்தில் பணம் வாங்க அந்தச் சேவை அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். எல்லாக் கருவிகளுக்கும் அந்த அனுமதி கிடையாது.

கணக்குத் தொடங்கும்போது தொழிலின் யூஇஎன் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்கப்படலாம். அதனால் அக்ராவில் பதிவு செய்யும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.

சேவைக் கட்டணத்தையும் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, 3 விழுக்காடும் கூடவே 50 காசும் என்று வைத்துக்கொள்வோம். 10 வெள்ளிக்கு 80 காசு போகும். அதுவே 5 வெள்ளிப் படம் என்றால் 65 காசு, அதாவது 13 விழுக்காடு! விலை குறையக் குறைய அந்த நிலையான 50 காசு கடிக்கும்.

பேநவ் கியூஆர் ஒட்டினால் போதாதா?

ஊழியர் இருந்தால் போதும். ஆனால் சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டில் யார் பணம் கட்டினாலும் பூத்துக்கு அது தெரியாது. அதன்மேல் வேறொருவர் தம்முடைய குறியீட்டை ஒட்டிவிடும் ஆபத்தும் உண்டு. ஆள் இல்லாத பூத்தில், ஒவ்வொரு முறையும் தொகையோடும் தனி எண்ணோடும் திரையில் புதிதாகத் தோன்றும் குறியீடுதான் சரி.

பணத்தை எப்போது எடுப்பது?

இதுதான் முக்கியமான முடிவு.

அட்டைக் கட்டணத்தை இரண்டு படியாகப் பிரிக்கலாம். முதலில் வங்கி 10 வெள்ளியை ஒதுக்கி வைக்கும். பிறகு நீங்கள் உறுதி செய்தால்தான் அந்தப் பணம் எடுக்கப்படும். ஹோட்டல்களில் முன்பணம் பிடித்து வைப்பதும் இப்படித்தான்.

பூத்துக்கு ஏற்ற வரிசை இது: தட்டு, ஒதுக்கு, படம் எடு, அச்சிடு, கடைசியாகப் பணத்தை எடு. கேமரா உறைந்துபோனாலோ தாள் சிக்கிக்கொண்டாலோ ஒதுக்கிய பணத்தை விடுவித்துவிடலாம். வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரையும் துரத்த வேண்டியதில்லை.

உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பணத்தைத் திருப்பித் தருவதை மென்பொருளே செய்யுமா, நீங்கள் கையால் செய்யணுமா? பேநவ் கட்டணத்தில் ஒதுக்கி வைக்கும் வசதி இல்லை. பணம் உடனே கைமாறிவிடும். திருப்பித்தான் தரணும்.

அச்சுப்பொறியையும் மறக்காதீர்கள். போட்டோ பூத்துகளில் அதிகம் பயன்படும் டிஎன்பி ஆர்எக்ஸ்1எச்எஸ் அச்சுப்பொறியில் 4-க்கு 6 அங்குலப் படங்கள் ஒரு சுருளுக்கு 700 வரும். 701-ஆவது ஆள் அட்டையைத் தட்டினால்? மிச்சம் எத்தனை தாள் என்று பார்த்து, தீர்ந்ததும் மென்பொருள் பணம் வாங்குவதையே நிறுத்தணும்.

திறப்பதற்குமுன் ஐந்து சோதனைகள்

பணம் சரியாகப் போவதை மட்டும் சோதித்துவிட்டுக் கடை திறக்காதீர்கள். வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்.

1. மறுக்கப்பட்ட அட்டை: ஸ்ட்ரைப்பின் சோதனை அட்டையில் தொகை 05 காசில் முடிந்தால், எ.கா. 10.05 வெள்ளி, வங்கி மறுத்ததுபோல் பதில் வரும். திரை என்ன சொல்கிறது?
2. தட்டியவுடன் இணையத்தைத் துண்டியுங்கள். மறுபடி தட்டச் சொல்கிறதா, அல்லது "சற்றுப் பொறுங்கள், சரிபார்க்கிறோம்" என்கிறதா?
3. பாதியில் தாளை எடுத்துவிடுங்கள். பணம் விடுவிக்கப்படுகிறதா?
4. தட்டிவிட்டுப் படம் எடுக்காமல் எழுந்து போங்கள். அடுத்தவருக்கு இலவசப் படம் கிடைக்கிறதா?
5. கணினியை அணைத்து மீண்டும் போடுங்கள். கருவி தானாக இணைகிறதா?

கடைத்தொகுதியின் இலவச வைஃபையை நம்ப வேண்டாம். அது அடிக்கடி உள்நுழையச் சொல்லும். ஆள் இல்லாத பூத் யாரிடம் கேட்கும்? தனி சிம் அட்டை போட்ட ரூட்டர் பாதுகாப்பானது.

அட்டை எண்ணை பூத் கணினியில் தட்டச்சு செய்யச் சொல்லும் அமைப்பு வேண்டவே வேண்டாம். எண் கருவிக்குள்ளேயே மறைகுறியாக்கம் செய்யப்பட்டுப் போகணும். கணினிக்குத் தெரிய வேண்டியது பதில் மட்டும்தான்.

பூத்தின்மேல் ஒரு தொடர்பு எண்ணும் பூத்தின் எண்ணும் பெரிதாக எழுதியிருக்கட்டும். சோதனைகளைத் தாண்டியும் ஏதாவது நடக்கும். அப்போது பேச ஒரு மனிதர் வேண்டும்.

சரி, இன்னொரு தடவை தட்டலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் கைத்தொலைபேசியில் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். 10 வெள்ளி 'நிலுவை' என்று காட்டினால் மறுபடி தட்ட வேண்டாம். திரையையும் நேரத்தையும் படம் பிடித்து, பூத்தில் உள்ள எண்ணை அழையுங்கள். நிலுவையில் உள்ள தொகை உறுதி செய்யப்படாவிட்டால் தானாகவே விடுவிக்கப்படும். ஆனால் அதற்குச் சில நாள் ஆகலாம். பணம் உண்மையிலேயே எடுக்கப்பட்டு, பூத் நடத்துபவரும் பதில் சொல்லவில்லையா? உங்கள் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை மறுத்து முறையிடலாம்.

செயலியில் ஒன்றுமே இல்லையென்றால் மறுபடி தட்டலாம். நண்பர்களைச் சிரிக்கச் சொல்லிவிட்டு.