மேட்டூர் திறந்த மாசம், சம்பளம் பாதியான தம்பி: மொரட்டோரியம்னா தள்ளுபடியா?

"ஆபீஸ்ல ஆள் குறைக்கிறாங்க, இ.எம்.ஐ.யை என்ன பண்றது?"னு மெசேஜ் வந்துட்டே இருக்கு. 2020-ல எங்க ஆபீசுக்கு வந்த ஒரு தம்பியோட கணக்கைச் சொல்றேன், பாருங்க.

அந்த வருஷம் ஜூன் 12-ல மேட்டூர் அணை திறந்தாங்க. எட்டு வருஷம் கழிச்சு குறுவைக்குச் சரியான தேதியில தண்ணி. ஒரத்தநாடு பக்கம் அப்பா நாத்து விட்டுட்டு இருக்கார். சென்னையிலிருந்து லாக்டவுன்ல வீடு திரும்பின மகனுக்குப் பாதிச் சம்பளம். நாட்டுக் கணக்கும் அப்படித்தான். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜிடிபி 23.9% சரிஞ்சதா முதல் மதிப்பீடு வந்துச்சு. விவசாயம் மட்டும் 3.4% வளர்ச்சி.

தம்பி நிம்மதியாத்தான் வந்தார். "மொரட்டோரியம் போட்டுட்டேன் அண்ணா, ஆறு மாசம் கவலையில்ல."

ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல மூணு மாசத்துக்கு அறிவிச்சு, பிறகு ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டின சலுகை அது. தவணையைத்தான் தள்ளி வச்சாங்க, வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அவருக்கு 4 லட்சம் பாக்கி, 15% வட்டி. மாசம் 5,000. ஆறு மாசத்துல வட்டிக்கு வட்டியும் சேர்த்து கிட்டத்தட்ட 30,950 ரூபாய் அசல்ல ஏறிடும். அப்புறம் 2 கோடி வரைக்குமான கடன்களுக்கு மத்திய அரசு அந்த 'வட்டிக்கு வட்டி'யை மட்டும் திருப்பிக் கொடுத்தது. இவர் கணக்குக்கு அது சுமார் 950 ரூபாய்! மீதி 30,000 இவர் தலையிலதான்.

மொரட்டோரியம் எடுத்ததே தப்புன்னு சொல்ல மாட்டேன். சம்பளமே நின்னு போனவங்களுக்கு அது பெரிய உதவி. ஆனா இவருக்குப் பாதிச் சம்பளம் வந்துச்சு, ஊர்ல வாடகையும் கிடையாது. வட்டி 5,000-ஐ மட்டுமாவது கட்டச் சொன்னேன்.

"அப்பாவோட கிசான் கார்டுல எடுத்து அடைச்சிடலாமா அண்ணா? காலத்தோட கட்டினா 4% தானே?"ன்னார். வேண்டவே வேண்டாம்னேன். குறுவை மழையில சாஞ்சு கெடு தவறிப்போச்சுன்னா அந்த 4% போயிடும், சம்பாவுக்குக் கடன் வாங்குறதும் சிக்கலாகும். உங்க கடன் உங்களோட நிக்கட்டும்.

அவங்க வீட்டுப் பத்தாயத்துல அடுத்த அறுவடை வரைக்கும் நெல் இருந்துச்சு. அப்பாவுக்கு வருஷத்துல ரெண்டு தடவைதான் காசு, அதனால எடுத்து வைக்கிறது பழக்கம். மாசாமாசம் சம்பளம் வாங்கின மகன் அக்கவுண்ட்ல 11,000 ரூபாய். (சிரிக்காதீங்க, உங்க பேலன்ஸையும் பாருங்க.)

இப்போ அந்த மாதிரி பொதுச் சலுகை எதுவும் கிடையாது. தவணை தவறினா சிபில்ல ஏறும், 90 நாள் தாண்டினா வாராக்கடன். அதனால தவறுறதுக்கு முன்னாடியே பேங்குக்கு மெயில் போட்டு, கடன் காலத்தை நீட்டித் தரக் கேளுங்க. இதே 4 லட்சத்துக்கு 36 மாசம்னா தவணை சுமார் 13,870. 60 மாசமா மாத்தினா 9,520. மொத்த வட்டி 70,000-க்கு மேல கூடும், அது உண்மைதான். வேலை சரியானதும் சீக்கிரம் அடைக்கப் பாருங்க. முன்கூட்டி அடைச்சா கட்டணம் எவ்வளவுன்னு அதே மெயில்லயே கேட்டு வச்சுக்கோங்க.