தூண்டில் முனையில் ஒரு பாடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

"அயிரை விட்டு வரால் பிடிப்பது" என்று ஒரு பழமொழி உண்டு. சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறும் தந்திரக்காரரைக் குறித்தே அதனைச் சொல்கிறோம். ஆனால் தூண்டில்காரர் வீட்டில் பிறந்த எனக்கு அது தந்திரமன்று, தொழில். பெரிய மீனுக்கு எந்த இரை, ஏன் அந்த இரை என்பதை என் தந்தையிடமும் நம் ஆய்வுக்கூடத்திலும் நான் கற்றவாறு இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதலாவது. சென்ற ஆண்டு விடுமுறையில், கெஞ்சிக் கேட்டு ஒருநாள் அப்பாவின் வள்ளத்தில் சென்றேன். சாளையைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சிறு தூண்டில்களில் மாட்டினேன். இரை கூடினால் மீனும் கூடும் என்பது என் கணக்கு. கூடத்தான் செய்தது, ஆனால் ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளமே. அப்பாவோ உயிருள்ள அயிலை ஒன்றைப் பெரிய தூண்டிலில் கோத்து இறக்கிவிட்டு, உச்சிவெயில் வரை சும்மா இருந்தார். பிறகு ஒரே ஒரு பாரை விழுந்தது. கரையில் என் மீன் முழுவதும் சேர்ந்தும் அந்தப் பாரையின் விலைக்கு எட்டவில்லை.

"எலே மக்கா, பெரிய மீனு சும்மா கெடந்து பெரிசாகல்ல. அதுக்குக் கணக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அந்தக் கணக்கு யாது? இரையைத் துரத்த ஆற்றல் செலவாகிறது. உடல் பெருத்த மீன் ஒரு சிறு துண்டுக்காக விரைந்து நீந்தினால், வரவைவிடச் செலவே மிகும். ஆகவே ஒருமுறை பாய்ந்தால் வயிறு நிறையும் இரையையே அது பெரும்பாலும் நாடுகிறது. பெரிய மீனுக்கு முழு இரை வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

அடுத்து, மீன் எந்தப் புலனால் வேட்டையாடுகிறது என்று பார்க்கவேண்டும். நெய்மீன் கண்ணை நம்பி விரைந்து பாய்வது. அதற்கு, மின்னும் காகிதமும் வெள்ளை நைலான் இழையும் சேர்த்து அப்பா வீட்டிலேயே ஒரு பொய்யிரை கட்டுவார். ஓடும் வள்ளத்தின் பின்னே அதனை இழுத்துச் செல்லவேண்டும். நெய்மீனின் பல் நைலான் கயிற்றை அறுத்துவிடும். ஆதலால் தூண்டிலை ஒட்டிக் கம்பி கட்டுவதும் அவசியம். களவா அப்படியன்று. கடலடிப் பாரின் இடுக்கில் பதுங்கியிருப்பது. அதற்குக் கணவாய் நல்லது. அதன் சதை உறுதியானதால் சிறு மீன்கள் எளிதில் கொத்திப் பறிக்க இயலாது. இரவிலும் கலங்கல் நீரிலும் மணமே வழிகாட்டி. அங்கே எண்ணெய்ப் பசையுள்ள புதுச் சாளை உதவும்.

உயிர் இரைக்குத் தனிச் சிறப்புண்டு. மீனின் இரு பக்கங்களிலும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, நீரின் சிறு அதிர்வையும் உணர்ந்துவிடும். தூண்டிலில் துடிக்கும் அயிலையின் தடுமாற்றம் அந்த வழியாகவே பாரைக்கு எட்டுகிறது. ஃபின்லாந்து நாட்டு மீனவர் லாரி ராபாலா இதனைக் கண்ணால் கண்டே அறிந்தவர். காயம்பட்டுத் தள்ளாடும் குஞ்சையே பெரிய மீன் தாக்குவதைப் பார்த்து, 1936-இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தகட்டுத்தாளை ஒட்டி, தள்ளாடி நீந்தும் பொய்யிரை செய்தார். அவர் பெயரால் அது உலகெங்கும் விற்பனையாகிறது. அவரும் மின்னும் தாளைத்தான் நாடினார் என்று படித்தபோது, எனக்கு அப்பாவின் நினைவே வந்தது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். கடல்நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சிவிடும். ஆழத்தில் சிவப்பு இரை கருப்பாகவே தோன்றும். அங்கே அசைவுக்கும் மணத்துக்குமே மதிப்பு மிகுதி.

அன்று பிடித்த பாரையின் வயிற்றை அப்பா அங்கேயே கீறிப் பார்த்தார். உள்ளே அயிலை இருந்தது. "இன்னைக்கு இதுதான் மேய்ச்சலு" என்று அடுத்த தூண்டிலுக்கும் அயிலையையே கோத்தார். நம் செய்முறை வகுப்பில் இதற்கு இரைப்பை ஆய்வு என்று பெயர். குறிப்பேட்டில் படம் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோம். அப்பாவுக்கு மதிப்பெண் போட்டவர் எவருமில்லை.

என் மீன்களைப் பார்த்து அவர் திட்டவில்லை. "இதுல பாதி இன்னும் முட்டை போடாத குஞ்சு" என்று மட்டும் சொன்னார். பெரிய தூண்டில் சிறு வாயில் நுழையாது, குஞ்சு பிழைத்துக்கொள்ளும். பெரிய இரை போடுவது நாளைய கடலுக்கும் நல்லது என்பதை அன்றே உணர்ந்தேன்.

2017-இல் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துக் கரையோர வீடுகள் பலவற்றை இருளடையச் செய்தபின், என்னைக் கடலுக்கு விடுவதில்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிட்டனர். படித்து வேலைக்குப் போ என்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் அப்பாவின் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. நான் வள்ளம் ஏறாவிடில் அது என் வீட்டில் அவரோடு நின்றுவிடும். ஆகவே அதில் ஒரு பிடியையேனும் இம்மலரில் எழுதி வைத்தேன். நண்பர்களே, உழவர் வீட்டிலிருந்தும் தச்சர் வீட்டிலிருந்தும் வந்திருக்கும் நீங்களும் உங்கள் தந்தையர் அறிந்தவற்றை அடுத்த மலரில் எழுதுங்கள்.